இரண்டு சங்கிலி வைத்திருந்த லாம்டன்

பிளவக்கல் அணையில் இத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கத்து விவசாயிகள் அதைக் கேட்டுத்தான் சாகுபடிக் கணக்குப் போடுவார்கள்.

அணைக்கு ஓர் அடி, ஊருக்கு ஓர் அடி என்றிருந்தால் கணக்கு என்ன ஆகும்? அடி என்றால் எங்கும் ஒரே அடியாக இருக்க வேண்டும். அதற்காகவே பாடுபட்டவர் வில்லியம் லாம்டன்.

இவர் 1753-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பட்டாளத்தில் சேர்ந்தார். அமெரிக்காவில் சூரிய கிரகணத்தைப் பார்த்ததால் ஒரு கண்ணின் பார்வை கெட்டது. பிறகு இந்தியா வந்தார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் கலந்துகொண்டார். போர் முடிந்ததும், நாட்டைச் சரியாக அளந்து படம் போட வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்டார். அனுமதி கிடைத்தது.

சங்கிலியும் நீளும்

1802 ஏப்ரல் 10-ந் தேதி பரங்கிமலை அருகே வேலை தொடங்கியது. ஏழரை மைல் நீளக் கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். 57 நாள் பிடித்தது.

வெயில் பட்டால் எஃகு நீளும். இழுத்து இழுத்துத் தேய்ந்தாலும் நீளும். ஆகவே வெப்பமானி வைத்துச் சூட்டைக் குறித்தார். இன்னொரு சங்கிலியை வேலைக்கு எடுக்காமல் பத்திரமாக வைத்தார். அது இங்கிலாந்தின் மூல அளவோடு ஒத்துப் பார்த்தது. வேலைச் சங்கிலியை அதனோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கணக்கில் கழித்தார்.

அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டுப் பெங்களூர் வரை போனார். 1804-ல் அங்கே ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்து பார்த்தார்கள். ஏழரை மைலில் வித்தியாசம் நான்கு அங்குலம்கூட இல்லை!

கயிறு அறுந்தது

1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் மனம் தளரவில்லை. ஆறு வாரம் கூடாரத்துக்குள் இருந்து அதைச் சரிசெய்தார். 1809-ல் திருநெல்வேலிச் சீமையிலும் அளந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் அப்போது அந்தச் சீமையில்தான் இருந்தது.

பிறகு வடக்கே அளந்துகொண்டே போனார். 1823 ஜனவரி 20-ல் மத்திய இந்தியாவில் ஹிங்கன்காட் என்ற ஊரில் இறந்தார். அப்போது வயது சுமார் 70. அவர் வேலையைத் தொடர்ந்தவர்தான் எவரெஸ்ட்.

இன்று நாட்டின் மூல அளவுகளை டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் காக்கிறது. துணிக்கடை மீட்டர் கோலில் அரசு முத்திரை இருக்கும். மூல அளவோடு ஒத்துப் பார்த்த கோல் என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்த முறை துணி வாங்கும்போது அந்த முத்திரையைப் பாருங்கள்.