அறிவியல் மேதை மேகநாத சாகா

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நாம் லோயர் கேம்ப் மின்நிலையத்தை நன்கறிவோம். மலையிலிருந்து பாயும் பெரியாற்று நீர் பொறிகளைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கின்றது. காந்தம் சுழன்றால் கம்பிச் சுருளில் மின்னோட்டம் தோன்றும். மின்னூட்டம் சுழன்றாலோ காந்தப்புலம் தோன்றும். இவ்வுறவின் கணக்கை ஆராய்ந்தோருள் ஒருவர், எளிய குடியிற் பிறந்து உலகப்புகழ் எய்திய மேகநாத சாகா ஆவார்.

1893ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் டாக்கா மாவட்டத்துச் சியோராதலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சிறு மளிகைக் கடைக்காரர். மேற்கொண்டு படிக்கப் பள்ளியோ ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அவ்வூர் மருத்துவர் ஒருவர் உணவும் உறைவிடமும் அளித்தார். சிறுவர் தாம் உண்ட கலத்தைத் தாமே கழுவி, அவ்வீட்டுப் பசுவையும் பேணிப் படித்தார். மாவட்டத்தில் முதல்வராகத் தேறி உதவித்தொகை பெற்றார். 1905இல் வங்கப் பிரிவினை எதிர்ப்பின்போது ஆளுநர் வருகையைப் புறக்கணித்தார் என்று டாக்கா பள்ளியிலிருந்து நீக்கினர், உதவித்தொகையும் போயிற்று. வேறொரு பள்ளியில் சேர்ந்து, 1909இல் கிழக்கு வங்கத்திலேயே முதலிடம் பெற்றார்.

1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். விடுதியில் உயர்சாதி மாணவர் அவரோடு ஒரே கூடத்தில் உண்ண மறுத்தனர். கலைமகள் பூசையிலும் அவருக்கு இடமில்லை. கல்வித் தெய்வத்தின் முன்னே கல்வியிற் சிறந்தவனை விலக்குவது எவ்வகைப் பக்தியோ! சாகா வகுப்பினர் வங்கத்தில் தாழ்வாக எண்ணப்பட்ட வணிகர். நம் முன்னோர் பட்ட கொடுமையோடு அதனை ஒப்பிடலாகாது. எனினும் பந்தியில் ஒதுக்கப்படும் வலி நாம் அறியாததன்று.

இனி அவர்தம் ஆய்வைச் சிறிது காண்போம். மின்னூட்டம் சீராகப் பரவிய வளையம் ஒன்று மாறா வேகத்திற் சுழன்றால், நிலையான காந்தப்புலம் உண்டாகுமேயன்றிக் கதிர்வீச்சு எழாது. ஆனால் ஒற்றை மின்துகள் வட்டமிட்டால், அதன் திசை கணந்தோறும் மாறுவதால் ஆற்றலை அலைகளாக வீசும். இப்புலமோ ஒளியின் வேகத்திலேயே பரவும். ஆதலால் தொலைவில் நிற்போர்க்கு எட்டுவது, துகள் இப்போதுள்ள இடத்தின் விளைவன்று. சற்று முன்னிருந்த இடத்தின் விளைவே. இதற்கான வாய்பாட்டை லீனார்டு 1898இலும் வீகர்ட் 1900இலும் கண்டிருந்தனர். சாகா அதனை மின்கோவ்ஸ்கியின் நாற்பரிமாண முறையில் வருவித்து 1919இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே, வெப்பத்தால் அணுக்கள் எலக்ட்ரான்களை இழப்பது பற்றிய சமன்பாட்டைத் தந்தார். விண்மீன்களின் ஒளிப்பட்டைகளிலிருந்து அவற்றின் வெப்பநிலையைக் கணிக்க அதுவே வழிகாட்டிற்று. 1927இல் இலண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது.

பின்னர்க் கல்கத்தாவில் சைக்ளோட்ரான் அமைக்க முனைந்தார். மின்துகளைக் காந்தத்தால் வளைத்து, ஒவ்வொரு அரைச் சுற்றிலும் மின்னழுத்தத்தால் உந்தி விரைவுபடுத்தும் பொறி அது. போர்க்காலத்தில் அதற்குரிய வெற்றிடக் கருவிகள் ஏற்றிவந்த கப்பல் மூழ்கியது. பணி பல்லாண்டு தாமதமாயிற்று. ஆயினும் 1950இல் அணு இயற்பியல் நிலையத்தைத் திறக்கச் செய்தார். 1952இல் மக்களவைக்கும் சென்றார். 1956 பிப்ரவரி 16ஆம் நாள் புதுடில்லியில் திட்டக்குழு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் மறைந்தார்.

அந்நிலையம் இன்று அவர் பெயரையே தாங்குகின்றது. நம் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்ட நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. மலைக்கும் நீருக்கும் ஊறு நேரும் என்று அத்திட்டத்தை நம் வட்டார மக்கள் பலர் எதிர்த்தனர். அவ்வழக்கை ஆராய இக்கட்டுரையில் இடமில்லை.