நாடக மேடை கண்ட நீதியரசர் பம்மல் சம்பந்த முதலியார்

அரியலூர் மாவட்டத்துக் காமரசவல்லி, கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த பழம்பதி. அவ்வூர்க் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. சாக்கைக் கூத்தில் வல்ல கலைஞன் ஒருவனுக்கு நிலம் அளிக்கப்பட்ட செய்தியை அது கூறுகிறது. மார்கழித் திருவாதிரையில் மும்முறையும் வைகாசித் திருவாதிரையில் மும்முறையும் அவன் கூத்தாட வேண்டும் என்பது ஏற்பாடு. கொடை இன்னது, கடமை இன்னது என்று வரையறுத்துக் கல்லில் பொறித்த இதனைக் கலைக்கென எழுந்த அறக்கட்டளை ஆவணம் எனலாம்.

மன்னர் ஆட்சி மறைந்த பின்னர்க் கலையைக் காப்பவர் யார்? கலைஞனின் திறமை ஒன்றே கலையை வாழவைத்து விடுமா? இவ்வினாக்களுக்குத் தம் வாழ்வையே விடையாக்கிய சான்றோர் ஒருவரை இங்கு நினைவுகூர்கிறோம். அவர்தாம் பம்மல் சம்பந்த முதலியார் (1873 - 1964).

சென்னையில் கல்வித்துறை அலுவலர் விசயரங்க முதலியாரின் மகனாய் வளர்ந்த சம்பந்தனார், இளமையில் தமிழ் நாடகத்தை மதித்தவர் அல்லர். அக்காலத்தே நாடகம் விடியவிடிய நடக்கும், ஒழுங்கு குறைவு. நடிகரைக் கூத்தாடி என்று இகழும் வழக்கமும் வேரூன்றியிருந்தது. கற்றோர் மேடையேறுவது குடும்பத்துக்கு இழுக்கு எனக் கருதப்பட்டது.

அவர் மனத்தை மாற்றியது 1891-இல் சென்னைக்கு வந்த பல்லாரித் தெலுங்கு நாடகக் குழு. அதனை நடத்திய கிருட்டிணமாச்சாரியார் ஒரு வழக்கறிஞர். கற்றவர்கள் ஊதியம் கருதாது நடித்த அக்காட்சி இளைஞர் உள்ளத்தில் கனலை மூட்டியது. அவ்வாண்டு சூலைத் திங்கள் முதல் நாளில், நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு அகவை பதினெட்டே.

பின்னர்ச் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் விளங்கினார். பகலில் நீதிமன்றம், மாலையில் ஒத்திகை என இரண்டையும் ஒருசேரப் பேணினார். நீதிபதியே நடிகராய் நிற்கும் மேடையை இழிவென்று எவர் சொல்ல இயலும்? சத்தியமூர்த்தி போன்ற பொதுவாழ்வுப் பெருமக்களும் அச்சபையின் மேடையில் நடித்தனர் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

மனோகரா, சபாபதி, லீலாவதி சுலோசனா முதலாக அவர் படைத்த நாடகங்கள் எண்பதுக்கும் மேற்பட்டன. சேக்சுபியரின் ஆம்லெத்து அவர் கையில் அமலாதித்தன் ஆயிற்று. வெனிசு நகர வணிகன் வாணீபுர வணிகன் ஆயினான். உரைநடையை முதன்மையாக்கி, குறித்த நேரத்தில் தொடங்கிச் சில மணி நேரத்தில் முடியும் நாடக மரபுக்கு வழிகோலினார். சபாபதி 1941-இலும், மனோகரா 1936, 1954 ஆகிய ஆண்டுகளிலும் திரைப்படங்களாயின. நாடக மேடை நினைவுகள் என்னும் அவர்தம் நூல் அக்கால நாடக உலகின் வரலாற்றுக் கருவூலமாகும். நடுவணரசு 1959-இல் பத்மபூசண் விருதளித்து அவரைச் சிறப்பித்தது.

எனினும், அவருடைய தலையாய பணி நாடகம் எழுதியது மட்டுமன்று என்பது நம் கருத்து. தனியொருவரின் உடைமையாய் இராமல், உறுப்பினர் கூடி நடத்தும் அமைப்பின் பொறுப்பாய் நாடகத்தை அவர் மாற்றினார். உறுப்பினர் நடித்தனர், ஊதியம் பெறவில்லை. இலாபத்தைப் பங்கிடாது நோக்கத்துக்கே செலவிடுதல் என்பதே இன்றைய அறநிறுவனச் சட்டத்தின் உயிர்நாடி. 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டமும், நம் மாநிலத்தின் 1975-ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகைய அமைப்புகளுக்கே வழிவகுக்கின்றன.

குறையையும் மறைத்தல் தகாது. சபையில் மேடையேறியோர் பெரும்பாலும் கற்று வேறு தொழிலில் நிலைபெற்றோர். நாடகத்தையே நம்பி ஊர் ஊராய்ச் சென்ற தொழில்முறைக் கலைஞரின் வறுமை அதனால் தீரவில்லை. அவர்களை ஒழுங்குபடுத்தும் பணியைச் சங்கரதாசு சுவாமிகள் (1867 - 1922) வேறொரு வழியில் மேற்கொண்டார். காலப்போக்கில் சுகுண விலாச சபையும் நாடகம் குன்றி, மனமகிழ் மன்றமாகவே பெரிதும் அறியப்படலாயிற்று. விதிகள் நிலைத்தாலும், தொடக்க நோக்கத்தைத் தலைமுறைதோறும் புதுப்பிக்காவிடில் அமைப்பு பெயரளவில் மட்டுமே வாழும் என்னும் பாடத்தை இதனால் பெறுகிறோம்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் கூத்துக்கும் நாடகத்துக்கும் இன்றும் ஆர்வலர் உளர். அவர்க்குக் கைதட்டல் மட்டும் போதாது. கணக்கெழுதவும், விதி வகுக்கவும், கலைஞனுக்குரியதைக் கலைஞனுக்கே சேர்ப்பிக்கவும் அறிந்த கற்றோர் துணை வேண்டும். தமிழ் பயிலும் நம் மாணவச் செல்வங்கள், சட்டம் பயின்று மேடையையும் மறவாத அப்பெருமகனாரின் வழியை எண்ணிப் பார்ப்பார்களாக. காமரசவல்லிக் கல்வெட்டில் பொறித்த கடமை இன்று நம் கைக்கு வந்துள்ளது.