நிலையான அரண்மனையைத் தேடியவர்

ஒருநாள் இறப்போம் என்பதை அறியாதவர் இல்லை. அறிந்தபடி வாழ்பவர்தாம் சிலர். அச்சிலருள் ஒருவர், மறவ நாட்டு மண்ணில் தம் இரத்தத்தைச் சிந்திய புனித அருளானந்தர்.

போர்த்துக்கல் நாட்டுத் தலைநகர் லிஸ்பனில் 1647-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் உயர்குடியில் பிறந்தார். பெயர் ஜான் தெ பிரிட்டோ. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழனாக வளர்ந்தார். அங்கே கடும் நோயில் விழுந்தபோது, அவர்தம் அன்னை புனித சவேரியாரிடம் வேண்டிக்கொண்டார். மகன் பிழைத்தான். நேர்ச்சைப்படி ஓராண்டு சேசு சபையாரின் உடையை அணிந்து அரண்மனையில் உலவினான். ஆண்டு முடிந்து உடையைக் கழற்றிய பின்னும் உள்ளம் அதைக் கழற்றவில்லை. 1662-இல், தமது 15-ஆம் வயதில், அச்சபையில் சேர்ந்தார்.

1673-இல் குருவாகிக் கப்பலேறினார். தாயின் கண்ணீரும் அவரைத் தடுக்கவில்லை. மதுரை மறைபரப்புத் தளத்திற்கு வந்து, காவி உடுத்து, புலால் நீக்கி, தமிழ் கற்று, பண்டாரசுவாமியாக ஊர் ஊராய் நடந்தார். விண்ணகத்தை நினைத்தவர் மண்ணில் வாழும் மக்களை மறக்கவில்லை. ஒவ்வொரு மனிதனும் முடிவில்லா வாழ்வுக்கு உரியவன் என்று நம்பியதாலேயே, எளிய குடிசையும் அவருக்கு அரண்மனையைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

1686-இல் மறவ நாட்டில் பிடிபட்டுச் சிறையில் வதைக்கப்பட்டார். இனி இந்நாட்டில் போதித்தால் உயிர் போகும் என்ற ஆணையுடன் விடுவிக்கப்பட்டார். பின்பு, சபைப் பணிக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய பழைய தோழர் பேதுரு அப்போது அரசர். தம் மகனுக்கு ஆசிரியராக இங்கேயே தங்கிவிடும்படி மன்னர் விரும்பினார். மதிப்பும் ஓய்வும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தன. கெட்ட வாழ்வுக்கான அழைப்பாக இருந்திருந்தால் விலக்குவது எளிது. இதுவோ நல்ல வேலை. ஆயினும் மரண ஆணை காத்திருந்த நாட்டுக்கே 1690-இல் திரும்பினார்.

அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் கொடிய நோயினின்று நலம் பெற்று, 1693 சனவரி 6-இல் ஞானஸ்நானம் பெற்றார். அதற்காக, முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மனைவியரைப் பிரிந்தார். அவர்களுள் ஒருத்தி சேதுபதி மன்னரின் உறவினள். அவளது துயரம் மன்னரின் சினமாயிற்று. இரண்டே நாளில் அருளானந்தர் பிடிபட்டு, பின் ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். பிப்ரவரி 4-ஆம் நாள் தலை வெட்டப்பட்டார். அப்போது அவருக்கு வயது 45. கொலைக்களம் செல்லுமுன், கரியைக் கரைத்து மையாக்கி, வைக்கோல் துரும்பால் உடன் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். நெடும் பயணம் முடிந்து வீடு திரும்புகிறவரின் மகிழ்ச்சி அவரிடம் இருந்தது.

அந்த 1693 பிப்ரவரி 4 திருநீற்றுப் புதன்கிழமை! மனிதன் மண் என்று திருச்சபை நினைவூட்டும் நாளிலேயே அவர் உடல் செம்மண்ணில் சாய்ந்தது. 1947 சூன் 22-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார்.

யூபிலி கொண்டாடும் நம் பங்கில், கோவில் கட்டக் கல் சுமந்தோரில் பலர் இன்று கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றனர். நாளை நம் முறை. வாளுக்குத் தலை கொடுக்கும் அழைப்பு நமக்கு வராமல் போகலாம். ஆனால் நிலப் பங்கீட்டில் தம்பியின் உரிமையை விட்டுக்கொடுப்பதா, பறிப்பதா? கூலிக்காரனுக்கு உரியதை இன்றே கொடுப்பதா, இழுத்தடிப்பதா? பேசாத உறவினரின் வாசற்படியை மிதிப்பதா, வீம்பில் இருப்பதா? இவற்றுள் ஒவ்வொன்றிலும் லிஸ்பன் அரண்மனையும் ஓரியூர் மணலும் நம்முன் நிற்கின்றன. எது நிலைக்கும் என்று பார்த்துத் தெரிந்துகொள்ளும் வரத்தைப் புனித அருளானந்தர் நமக்குப் பெற்றுத் தருவாராக!