யார் இந்தப் பராந்தக சோழன்? கணக்கைத் தொடும் உரிமைக்கு 1,100 ஆண்டுகளுக்கு முன்பே கடிவாளம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி. ஸ்டோர் கணக்கு சாஃப்ட்வேருக்கு ஒரே பாஸ்வேர்டு, மூணு ஷிப்டும் அதையே போடுறாங்கன்னு வைத்துக்கொள்வோம். சரக்கு குறைந்தால் யாரைக் கேட்பது? வேலையை விட்டுப் போனவரின் லாகின் இன்னும் திறந்தே இருந்தால்? இதே சிக்கலுக்கு முதலாம் பராந்தக சோழன் காலத்திலேயே விதி இருந்தது.

யார் இவர்?

ஆதித்த சோழனின் மகன். 907-ல் பட்டத்துக்கு வந்தார். பாண்டியரை வென்று, மதுரை கொண்டவர் என்று பெயர் எடுத்தார். தில்லைக் கோயிலுக்கு இவர் பொன் வேய்ந்ததைத் திருவள்ளூர் மாவட்டம் திருவாலங்காட்டில் கிடைத்த செப்பேடுகள் சொல்கின்றன. வீராணம் ஏரியின் பெயரே இவரது வீரநாராயணன் என்ற பட்டத்திலிருந்து வந்ததுதான்.

உத்திரமேரூரில் என்ன விதி?

919, 921-ம் ஆண்டுகளில், மன்னரின் அதிகாரி முன்னிலையில், ஊர்ச்சபை தன் விதிகளைக் கல்லில் வெட்டியது. 30 குடும்புகளில் இருந்து குடவோலை மூலம் ஆள் தேர்வு. பொறுப்பு 360 நாள் மட்டுமே. அது முடிந்தால் அதிகாரமும் போச்சு!

ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர் என்று வேலையைப் பிரித்தார்கள். இவற்றில் முன்பே இருந்து அனுபவம் பெற்றவர்களை ஆண்டு வாரியத்துக்கு எடுத்தார்கள். கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவரது உறவினருக்கும் தடை. பதவியில் இருக்கும்போதே குற்றம் தெரிந்தால் உடனே நீக்கம்.

முக்கியமான விதி இதுதான்: கணக்கு எழுதியவரே அதை ஒப்படைக்க வேண்டும். அவருக்குப் பதிலாக வேறொருவர் வந்து கணக்கை முடிக்கக் கூடாது. ஒருவர் லாகினில் இன்னொருவர் என்ட்ரி போடக் கூடாது என்று இன்று சொல்வதும் இதைத்தானே?

குறை இல்லையா?

இருக்கு. அது பிராமணர் ஊர். சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே ஓலையில் இடம். ஏரித் தண்ணீரை நம்பி உழைத்த பெரும்பாலோருக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை.

கடைசிக் காலம்

949-ல், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தை ஒட்டிய தக்கோலத்தில், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையோடு நடந்த போரில் மூத்த மகன் ராஜாதித்தன் யானை மேலேயே உயிரிழந்தார். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. சில ஆண்டுகளில் பராந்தகனும் மறைந்தார்.

நாம் என்ன செய்யலாம்?

ஆளுக்கு ஒரு ஐடி, வேலைக்குத் தேவையான அளவு மட்டும் பர்மிஷன், வேலையை விட்டால் அன்றே லாகின் முடக்கம். ஷேர் பண்ணிய பாஸ்வேர்டில் ஒருவர் தப்பு செய்தால், சந்தேகம் அந்த ஷிப்டில் இருந்த எல்லார் மேலேயும் விழும். தனி லாகின் முதலாளிக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை. தப்பு செய்யாத தொழிலாளிக்கும் அதுதான் சாட்சி.