வேர் முடிச்சின் ரகசியம் கண்டவர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. அங்கே உளுந்தஞ்செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு சிறு முடிச்சுகள் தெரியும். அது நோய் அல்ல. செடிக்கு உரம் தயாராகும் இடம்!

இந்த உண்மையைக் கண்டு சொன்னவர் ஹெர்மன் ஹெல்ரீகல். இவர் 1831-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி ஜெர்மனியில், சாக்சனி பகுதியில் பிறந்தார். ரசாயனம் படித்தார். விவசாய ஆராய்ச்சியில் இறங்கினார். 1882-ல் பெர்ன்பர்க் நகர ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவர் ஆனார்.

யார் சொல்வது சரி?

பயிர் வளரத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் வேண்டும். காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஆனால் எந்தச் செடியும் அதை எடுத்துக்கொள்ளாது என்று பிரான்சு, இங்கிலாந்து நிபுணர்கள் முடிவு கட்டி இருந்தார்கள்.

விவசாயிகளின் அனுபவமோ வேறு. பயறு விதைத்த நிலத்தில் அடுத்த வெள்ளாமை நன்றாக வந்தது. காரணம்தான் தெரியவில்லை.

மணல் தொட்டி

ஹெல்ரீகல் தொட்டிகளில் வெறும் மணலை நிரப்பினார். தழைச்சத்து தவிர மற்ற சத்துகளைக் கொடுத்தார். பார்லியும் ஓட்சும் வாடின. பட்டாணி சில தொட்டிகளில் வாடியது. சில தொட்டிகளில் செழித்தது! செழித்த செடியின் வேரில் முடிச்சு இருந்தது.

அவரும் உதவியாளர் வில்ஃபார்த்தும் வயல் மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார்கள். பட்டாணி செழித்தது. அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினார்கள். பலன் இல்லை!

விஷயம் விளங்கிவிட்டது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்தான் முடிச்சை உண்டாக்குகிறது. பழைய நிபுணர்கள் சோதனைக்காக மண்ணைச் சுட்டார்கள். அதில் நுண்ணுயிரும் செத்தது. அதனால் உண்மை அவர்கள் கண்ணில் படவில்லை.

1886-ல் பெர்லின் மாநாட்டில் ஹெல்ரீகல் இதை அறிவித்தார். 1888-ல் ஹாலந்து விஞ்ஞானி பெய்ஜெரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்து எடுத்தார். அது செடிக்குத் தழைச்சத்து தருகிறது. செடி அதற்குச் சர்க்கரை தருகிறது.

ஹெல்ரீகல் 1895-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி, 63-வது வயதில் காலமானார். செடிக்குள் முடிச்சைத் தொடங்கி வைக்கும் "நின்" என்ற ஜீன் 1999-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அது இல்லாத செடியில் முடிச்சு வராது.

இன்று அந்த நுண்ணுயிர், ரைசோபியம் பொட்டலமாகக் கிடைக்கிறது. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து பயறு விதையில் தடவுகிறார்கள். விதையை நிழலில்தான் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் உயிர் போய்விடும். கொதித்த தண்ணீர் ஹெல்ரீகலுக்குச் சொன்ன பாடம் இதுதான்!