வயதைத் தின்ற ஆடு

அமெரிக்க பேஸ்பால் வீரர் சாட்செல் பெய்ஜிடம் வயதைக் கேட்டால் ஒரு கதை சொல்வார். பிறந்த நாள் குறித்திருந்த தாள் வீட்டு பைபிளுக்குள் இருந்ததாம். அதை ஆடு தின்றுவிட்டதாம். சில வேளைகளில், தன் வயது தெரியாத ஒருவன் தனக்கு எத்தனை வயது என்று நினைப்பான் எனத் திருப்பிக் கேட்டு மடக்குவார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நகைச்சுவைக்குள் வசூலாகாத ஒரு கடன் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

1906-இல் அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ரயில் நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சுமந்ததால், தோள்பை என்று பொருள்படும் 'சாட்செல்' பட்டப்பெயரானது. சிறு திருட்டுக்காகப் பன்னிரண்டாம் வயதில் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பந்து வீச்சில் தேர்ந்தது அங்கேதான்.

மேஜர் லீக் அன்று வெள்ளையருக்கு மட்டுமே. சட்டத்தில் எழுதப்படாத, ஆனால் எவரும் மீறாத தடை அது. எனவே 1926 முதல் கறுப்பினத்தவருக்கான நீக்ரோ லீக் அணிகளிலும், ஊர் ஊராகச் சென்ற காட்சி ஆட்டங்களிலும் வீசினார். பின்னால் நிற்கும் தடுப்பாளர்களை உட்காரச் சொல்லிவிட்டு மட்டையாளரை வீழ்த்துவது அவர் வழக்கம்.

1947-இல் ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்தார். முதல்வராகத் தாம் அழைக்கப்படவில்லையே என்ற வருத்தம் பெய்ஜுக்கு இருந்தது. அடுத்த ஆண்டு, தமது 42-ஆம் பிறந்த நாளில், கிளீவ்லாந்து அணியில் சேர்ந்தார். வெறும் விளம்பர உத்தி என்ற ஏளனம் எழுந்தது. அவரோ அந்தப் பருவத்தில் ஆறு வெற்றி, ஒரே தோல்வி என்று கணக்கை முடித்தார். ஆகஸ்டில் ஒரு நாள் இரவு அவர் வீசியபோது அரங்கில் 78 ஆயிரம் பேருக்கு மேல் கூடினர்.

பாகுபாடு காட்டும் முதலாளியும் அதற்கு விலை கொடுக்கிறார் என்று 1957-இல் கேரி பெக்கர் விளக்கினார். வகுப்பில் நானும் அதைப் பல்லாண்டு கற்பித்தேன். ஆனால், முதலாளிகள் இழந்த வருமானம் நுழைவுச்சீட்டுகளின் வழியே திரும்பி வந்தது. ஒரு வீச்சாளனின் இருபதுகளும் முப்பதுகளும் எந்தச் சந்தையில் திரும்பக் கிடைக்கும்? ஆட்டின் மீது பழி போட்டது அதனால்தானோ!

இளமையோடிருக்க அவர் வகுத்த ஆறு விதிகள் 1953-இல் பத்திரிகையில் வெளியாயின. பொரித்த இறைச்சி வேண்டாம் என்று தொடங்கும் அவற்றில் கடைசி விதி, எதுவோ துரத்தி வரக்கூடும் என்பதால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது. வேடிக்கைதான். ஆனால், அந்நாளைய அலபாமாவில் வளர்ந்த கறுப்பினச் சிறுவனுக்குத் துரத்தி வருவது எது என்று தெரியாதா என்ன?

1965-இல், 59 வயதில், கான்சாஸ் சிட்டி அணி அவரை ஓர் ஆட்டத்துக்கு அழைத்தது. ஆடுநாற்காலியில் அமர்த்தி, பக்கத்தில் செவிலியரையும் நிறுத்தியது. அந்தக் கேலியில் மகிழ்ச்சியோடு பங்கேற்றவர், களம் இறங்கி மூன்று இன்னிங்ஸ் வீசினார். எதிரணிக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஹிட்.

1971-இல் பேஸ்பால் புகழ்க்கூடம் அவரைத் தேர்ந்தெடுத்தபோது, நீக்ரோ லீக் வீரர்களுக்குத் தனிப் பிரிவு என்றே முதலில் அறிவித்தது. இரண்டாந்தரக் குடிமகனை இரண்டாந்தர அமரனாக்கிவிட்டார்கள் என்ற பொருள்பட அவர் சொன்னது பலரையும் சுட்டது. எதிர்ப்பு வலுத்ததும் தனிப் பிரிவு கைவிடப்பட்டது.