ரொட்டியே நஞ்சானது!
குழந்தைகளின் உயிர் காத்த டாக்டர் டிக்கே

பெற்றோர் பார்த்துப் பார்த்து உணவு ஊட்டுகிறார்கள். ஆனாலும் குழந்தை தேறவில்லை. கையும் காலும் குச்சியாகின்றன. வயிறு மட்டும் பானை போல உப்புகிறது. வயிற்றுப்போக்கு நிற்பதே இல்லை. உடம்பில் தெம்பு வரட்டும் என்று இன்னும் ஒரு துண்டு ரொட்டி கொடுக்கிறார்கள். குழந்தை இன்னும் மெலிகிறது!

இந்த நோய்க்கு "சீலியாக்" என்று பெயர். வயிறு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. 1888-ல் லண்டன் டாக்டர் சாமுவேல் ஜீ இந்த நோயை விரிவாக எழுதி வைத்தார். குணம் கிடைப்பதானால் அது உணவின் மூலமே கிடைக்கும் என்பது அவருடைய எண்ணம். ஆனால் எந்த உணவு கெடுதல் செய்கிறது? அது அவருக்குப் பிடிபடவில்லை. 1924-ல் அமெரிக்க டாக்டர் ஹாஸ் வாழைப்பழ வைத்தியத்தை வெளியிட்டார். பல குழந்தைகள் தேறின. ஏன் தேறின என்பது மட்டும் புதிராகவே இருந்தது.

அந்தப் புதிரை விடுவித்தவர் ஹாலந்து நாட்டு டாக்டர் வில்லெம் கரேல் டிக்கே.

31 வயதில் தலைமைப் பதவி

டிக்கே 1905-ம் ஆண்டு டோர்ட்ரெக்ட் என்ற ஊரில் பிறந்தார். லைடன் சர்வகலாசாலையில் வைத்தியம் படித்தார். பிறகு ஹேக் நகரில் உள்ள ஜூலியானா குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றார். 1936-ல் அந்த ஆஸ்பத்திரிக்கே தலைமை டாக்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது 31.

சீலியாக் குழந்தைகள் அவரிடம் வந்தன. அவருக்கு ரொட்டியின் மீது சந்தேகம் விழுந்தது. ஹாலந்து மக்களுக்கு ரொட்டிதான் அன்றாட உணவு. அதைக் குற்றவாளி என்று சொன்னால் யார் நம்புவார்கள்? டிக்கே அவசரப்படவில்லை. குழந்தைகளின் உணவிலிருந்து கோதுமையை நீக்கினார். எடையைக் குறித்து வைத்தார். எடை ஏறியது. மறுபடியும் கோதுமை கொடுத்தபோது நோய் திரும்பியது. மாதக் கணக்கில், வருடக் கணக்கில் இப்படிக் குறிப்புகள் எடுத்தார். கோதுமை இல்லாத உணவைப் பற்றி 1941-ல் டச்சு மொழியில் ஒரு கட்டுரையும் வெளியிட்டார்.

அப்போது ஹாலந்து ஜெர்மானியரின் பிடியில் இருந்தது. உலகம் போரில் மூழ்கிக் கிடந்தது. அந்தக் கட்டுரை வெளிநாட்டு டாக்டர்களின் கவனத்துக்கு எட்டவில்லை.

பஞ்சத்தில் தேறிய குழந்தைகள்

1944-ம் ஆண்டுக் குளிர்காலம். ஹாலந்தின் மேற்குப் பகுதியில் கொடிய பஞ்சம். மக்கள் துலிப் மலர்க் கிழங்குகளை வேகவைத்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் மாண்டார்கள்.

ஊரே மெலிந்து கொண்டிருந்த அந்த வேளையில், சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறின! காரணம், ரொட்டி கிடைக்கவில்லை. 1945-ல் ஸ்வீடன் நாடு அனுப்பிய மாவில் வெள்ளை ரொட்டி சுட்டார்கள். பசித்த மக்களுக்கு அது அமுதம். சீலியாக் குழந்தைகளுக்கோ நோய் திரும்பியது.

பஞ்சம்தான் டிக்கேக்கு உண்மையைக் காட்டிக் கொடுத்தது என்று கதை சொல்வார்கள். அது சரியல்ல. பல ஆண்டுகளாக அவர் கொண்டிருந்த சந்தேகத்தைப் பஞ்சம் உறுதிப்படுத்தியது. அவ்வளவுதான்.

கணக்கும் சாட்சி சொன்னது

ஆனால் கண்ணால் பார்த்தது மட்டும் விஞ்ஞானத்துக்குப் போதுமா? உட்ரெக்ட் நகரில் ரசாயன நிபுணர் வான் டி காமரும் டாக்டர் வெயர்ஸும் டிக்கேயுடன் சேர்ந்தார்கள். குடல் ஒழுங்காக வேலை செய்தால், உண்ட கொழுப்பில் பெரும்பகுதி உடம்பில் சேரும். வேலை செய்யாவிட்டால் மலத்தோடு போய்விடும். அதை அளந்து பார்க்க வான் டி காமர் ஒரு முறையை வகுத்தார். கோதுமை கொடுத்தால் கொழுப்பு வெளியேறுவது அதிகரித்தது, நிறுத்தினால் குறைந்தது. ரை தானியமும் அப்படியே. அரிசியும் மக்காச்சோளமும் தீங்கு செய்யவில்லை.

1950-ல் இந்த ஆராய்ச்சிக்காக உட்ரெக்ட் சர்வகலாசாலையில் டிக்கே டாக்டர் பட்டம் பெற்றார். கோதுமையில் உள்ள மாச்சத்து குற்றவாளி அல்ல. குளூட்டன் என்ற புரதமே குற்றவாளி என்று தெரிந்தது. பரோட்டா மாவு ரப்பர் போல இழுபடுகிறதே, அந்த இழுவையைத் தருவது குளூட்டன்தான். 1952-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் டாக்டர்களும் இதை உறுதி செய்தார்கள்.

பின்னர் குடலின் உட்புறத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற மடிப்புகள் தேய்ந்து மட்டமாகியிருந்தன. அதனால்தான் எவ்வளவு ஊட்டியும் உடம்பில் ஒட்டவில்லை!

மருந்து சமையலறையில்

டிக்கே 1957-ல் உட்ரெக்ட் நகரில் பேராசிரியரானார். 1962-ல் 57-வது வயதில் காலமானார். அவர் பெயரால் ஹாலந்தில் தங்கப் பதக்கம் ஏற்படுத்தப்பட்டது.

அவர் காட்டிய உணவுக் கட்டுப்பாடே இன்றும் இந்த நோய்க்குச் சிகிச்சை. உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் உண்டு, பெரியவர்களுக்கும் வரும். கோதுமை, பார்லி, ரை மூன்றையும் ஆயுள் முழுவதும் விலக்க வேண்டும். ரவை, மைதா, சேமியா என்று பெயர் மாறி வந்தாலும் கோதுமை கோதுமைதான். கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. பார்லியில் செய்த மால்ட் பானமும் ஆகாது. அரிசி, கம்பு, கேழ்வரகு, பருப்பு, கிழங்கு, முட்டை, பால் ஆகியவற்றில் குளூட்டன் கிடையாது. ஆனால் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அரைத்த மாவு ஆகாது.

சந்தேகம் வந்ததுமே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திய பின் சோதித்தால் நோய் பிடிபடாமல் போகலாம். முதலில் ரத்தப் பரிசோதனை. பிறகு டாக்டரின் ஆலோசனை. அதன் பிறகே கட்டுப்பாடு.

இன்று சீலியாக் நோய் கண்ட குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்கிறது, ஓடுகிறது, பள்ளிக்குப் போகிறது. தட்டில் ரொட்டி மட்டும் இல்லை.